பத்தாவது இழுப்பு

என் அப்பா மாவ்ரோ சுப்பெரினா நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விளிம்பில் தொற்றிக்கொள்வார். சூப்பை நின்றுகொண்டே குடிப்பார். தேவாலயத்தில் கடைசி வரிசை, கதவோரம், ஒரு கால் பாதி வெளியே. கல்யாணப் படத்தில்கூட அவர் முகம் மட்டும் கலங்கியிருக்கிறது. அம்மா அசையாமல் நிற்கிறாள், அவர் அசைந்துவிட்டார்.

அவர் வேலை பார்த்த இழுவைப் படகின் பெயர் போனாத்சா. காற்றே இல்லாமல் கடல் கண்ணாடிபோல் கிடப்பதை எங்கள் ஊரான ரியேக்காவில் அப்படிச் சொல்வோம். பெயர் வைத்தவர் யாரோ, குளிர்காலத்தில் எங்கள் துறைமுகத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

1936இல் நீராவி இயந்திரத்தோடு அதைக் கடலில் இறக்கினார்கள். 1945இல் ஜெர்மானியர்கள் ஊரை விட்டுப் போகும்போது துறைமுக வாயிலில் மூழ்கடித்தார்கள். மூன்று வருடம் அடியில் கிடந்தது. தூக்கினார்கள், சேற்றை வழித்தார்கள், மறுபடி ஓட்டினார்கள். 1959இல் நீராவியை எடுத்துவிட்டு டீசல் வைத்தார்கள். அதைப் பொருத்த வந்த ஃபிட்டர்களில் அப்பாவும் ஒருவர். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. மற்றவர்கள் வேலை முடிந்து இறங்கிப்போனார்கள். அப்பா நாற்பத்திரண்டு வருடம் கழித்துத்தான் இறங்கினார். இடையில் புகைபோக்கியில் இருந்த நட்சத்திரத்தின் மேல் வேறு சின்னம் வரைந்தார்கள், நாட்டின் பெயர் மாறியது, சம்பளம் மூன்று விதமான நோட்டில் வந்தது. இயந்திரம் மாறவில்லை.

அந்த இயந்திரத்துக்குக் கியர் கிடையாது. பின்னால் போக வேண்டுமென்றால் இயந்திரத்தையே நிறுத்தி, எதிர்த்திசையில் சுழலும்படி மறுபடி கிளப்ப வேண்டும். கிளப்புவது அழுத்தக் காற்று. இயந்திர அறைச் சுவரோரம் ஆளுயர இரும்பு பாட்டில் ஒன்று நிற்கிறது. நிரம்பினால் முப்பது கிலோ அழுத்தம். பிடியை இழுத்தால் காற்று பாய்ந்து இயந்திரத்தை உதைத்துத் திருப்பும். இதற்கு எங்கள் துறைமுகத்தில் இருந்த சொல், இழுப்பு. முழு பாட்டிலுக்குப் பன்னிரண்டு இழுப்பு. பாட்டிலை மறுபடி நிரப்பக் கம்ப்ரசருக்கு எழுபது நிமிடம் வேண்டும். அதற்குள் காற்று தீர்ந்துபோனால் படகு வெறும் மிதவை. பக்கத்தில் இருபதாயிரம் டன் கப்பல் சாய்ந்துகொண்டு வரும்.

உத்தரவு மேலேயிருந்து வரும். தலைவர் சக்கர அறையில் கைப்பிடியைத் திருப்பினால் கீழே மணி அடித்து வட்டில் முள் நகரும்: முன்னால், நில், பின்னால். அப்பாவுக்கு ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே இழுவைக் கயிறு முனகுவதை வைத்து மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வார். ஒவ்வொரு இழுப்புக்கும் பாட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். பாட்டில் நிரம்பியதும் துடைப்பார்.

அன்றைய தலைவர் ஷிமே. எங்கள் பக்கத்தில் தலைவரையும் மூத்தவர்களையும் பார்பா என்போம். பார்பா ஷிமே நல்ல கடலோடி, ஆனால் கை சும்மா இருக்காது. பின்னால் என்று மணி அடிப்பார், இரண்டு வினாடியில் மனம் மாறி முன்னால் என்பார். எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிந்தால் பாட்டில் அரை மணி நேரத்தில் காலி. அதனால் அப்பா சில மணிகளை விட்டுவிடுவார். பேச்சுக் குழாயில் தினமும் இதே சண்டை.

"யோவ் மாவ்ரோ, கீழ தூங்குறியா? பின்னாலன்னு மணி அடிச்சேன்ல?"

"அடிச்சீங்க பார்பா. அடுத்து முன்னாலன்னு அடிப்பீங்க. அதுக்குத்தான் காத்திருக்கேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் முன்னால் என்று மணி அடிக்கும். மேல்தளத்தில் சிரிப்பார்கள். படகை ஓட்டுவது பார்பாவா, கீழே இருக்கிற குருடனா என்று பந்தயம் கட்டுவார்களாம். சிறுமியாக ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார்கள். எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. அப்பா வட்டைப் பார்க்கவேயில்லை. பிடியில் கையை வைத்துக்கொண்டு, முன்பாதத்தில் நின்றபடி, காதைச் சாய்த்திருந்தார்.

1979 பிப்ரவரி 11. மலையிலிருந்து புரா காற்று இறங்கிய நாள். சரக்கு இல்லாத கப்பலொன்றைத் துறைக்குள் கொண்டுவர வேண்டும். மூன்று நாளாகக் கம்ப்ரசர் வேலை செய்யவில்லை. காலையில் கரைக் குழாயிலிருந்து பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். பாட்டிலின் அழுத்த முள் கிறிஸ்துமஸிலிருந்தே ஒட்டிக்கொண்டு கிடந்தது. எவ்வளவு காற்று மீதி என்று சொல்லச் சுவரில் இருந்த கோடுகள் மட்டும்தான். ஒன்பது கோடு.

பின்னால் என்று மணி அடித்தது. பார்பா மாற்றிவிடுவார் என்று அப்பா நினைத்தார். பிடியில் கையை வைத்துக்கொண்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அடுத்த மணி வரவில்லை. தலைக்கு மேல் கயிறு தொய்ந்து, பிறகு ஒரே விறைப்பில் இழுபட்ட சத்தம் கேட்டது. கயிற்றுக்கும் கட்டுத்தூணுக்கும் நடுவே ஃபெரித்தின் இடது கை இருந்தது. ஃபெரித் போஸ்னியாவிலிருந்து வந்த தளத் தொழிலாளி. அப்போது இருபத்தாறு வயது. மூன்று விரல் போயிற்று. மிஞ்சியது கட்டைவிரலும் சுண்டுவிரலும்.

விசாரணையில் அப்பா, காற்று தீர்ந்துவிட்டது என்று சொன்னார். பார்பா ஷிமே அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தான் மணி அடித்தது தாமதம் என்றார். பார்பாவைப் படகிலிருந்து இறக்கிச் சாமான் கிடங்கில் போட்டார்கள். ஃபெரித்துக்குப் பிரதான வாயிலில் காவல் வேலை.

அந்த வாரத்திலிருந்து அப்பா பிரதான வாயில் வழியாக வேலைக்குப் போகவில்லை. தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாயிலுக்கு நடந்தார். இருபது நிமிடம் அதிகம். மழையிலும், முழங்கால் வீங்கிய பிறகும், இருபத்திரண்டு வருடம் அப்படித்தான். காலுக்கு நல்லது என்று எங்களிடம் சொன்னார். அதன் பிறகு ஒரு மணியைக்கூட அவர் விடவில்லை. புதிதாக வந்த தலைவர், மாவ்ரோ மணி அடித்து முடிவதற்குள் இழுத்துவிடுகிறார், இரண்டு தடவை நடுத்துறையில் காற்று தீர்ந்துவிட்டது என்று அம்மாவிடமே குறை சொன்னார்.

2001இல் அப்பாவும் படகும் சேர்ந்து ஓய்வு பெற்றார்கள். நகராட்சி போனாத்சாவைப் பழைய துறையில் காட்சிக்குக் கட்டிவைத்தது. பராமரிக்க ஃபெரித்தை அமர்த்தினார்கள். அதனால் அப்பா அங்கே கால் வைக்கவில்லை. ஆனால் தினமும் நான்கு முறை அலைத்தடுப்புச் சுவருக்குப் போய், எதிரேயிருந்து பைனாகுலரில் பார்ப்பார். படகு ஒரு சாண் சாய்ந்திருந்தால் எனக்கு போன் வரும். நான் கப்பல் சோதனைப் பொறியாளர். தகட்டின் தடிமன் அளப்பதும் அழுத்தக் கலன்களுக்குச் சான்று கொடுப்பதும் என் வேலை. அடியில் தண்ணீர் ஏறுகிறது, அந்த ஆள்கிட்ட சொல் என்பார். எந்த ஆள் என்று பெயர் சொல்ல மாட்டார்.

2021 இலையுதிர்காலத்தில் மூச்சு இரைக்கத் தொடங்கியது. இயந்திர அறைக் குழாய்களில் சுற்றியிருந்த கல்நார், நாற்பது வருடமாக நுரையீரலில் படிந்தது. ஜனவரியில் மேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆக்சிஜன் குழாயோடு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். படுக்கச் சொன்னால் முறைப்பார்.

ஒருநாள் அம்மா காபி வாங்கப் போன நேரத்தில் கேட்டார்.

"நெவா, எனக்கு ஒரு சோதனை பண்ணிக் குடுக்கணும். முப்பதுல ஆரம்பிச்சு ஒன்பது இழுப்பு. பத்தாவது திரும்புதா இல்லையான்னு பாரு."

பிறகு அந்த நாளைச் சொன்னார். நான்கு எண்ணியதைச் சொன்னார். ஃபெரித்தின் கை பற்றி ஊருக்கே தெரியும்; இது யாருக்கும் தெரியாது.

"அப்ப காத்து தீரலையாப்பா? பொய் சொன்னீங்களா?"

"அதுதான் எனக்குத் தெரியல. உண்மையா பொய்யான்னு தெரியாமலே சொல்லிட்டேன். இழுத்து, திரும்பலன்னா தூங்கியிருப்பேன். நான் இழுக்கவே இல்ல. பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். என்னிடம் காரணங்கள் இருந்தன. பாட்டிலின் சான்று 2016இல் முடிந்துவிட்டது. பதினைந்து கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவளே நான்தான். அன்றைய குளிர் வேண்டும், புரா வர வேண்டும். உண்மையான காரணம் வேறு. அன்று சாயங்காலமே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு இழுப்புக்கு ஒன்றரை கிலோ. ஒன்பதுக்குப் பதின்மூன்றரை. மீதி பதினாறரை. இயந்திரம் திரும்பப் பன்னிரண்டு போதும். பத்தாவது திரும்பும். சந்தேகமே இல்லை.

வேண்டாம்ப்பா என்றேன்.

"நீ கணக்கு போட்டுட்ட. மூஞ்சில எழுதியிருக்கு," என்றார். "கணக்கு வேணாம். இரும்பு சொல்லட்டும்."

பிப்ரவரி 14, புரா. பாட்டிலின் சுவரை எட்டு இடத்தில் அளந்தேன். மிக மெலிந்த இடம் 11.2 மில்லிமீட்டர், முப்பது தாங்கும். ஒருநாள் அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படகை எட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். ஃபெரித் மாமாவிடம் பாட்டிலுக்கு எத்தனை இழுப்பு என்று பார்க்கிறோம் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு இப்போது அறுபத்தொன்பது வயது. இடது கையின் இரண்டு விரலில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வலது கையால் சுவரில் கோடு போட்டார்.

ஒன்பதாவது கோட்டுக்குப் பிறகு என் கை நின்றுவிட்டது. ஃபெரித் என்னைப் பார்த்தார். இழுத்தேன். முதல் உதையிலேயே இயந்திரம் பிடித்துக்கொண்டது. நிறுத்திவிட்டுப் பதினொன்றாவதும் இழுத்தேன். அதுவும் பிடித்தது. முள் பதின்மூன்றரையில் நின்றது.

போன் அடித்தது. அம்மாவின் நம்பர், அப்பாவின் குரல். பாட்டில் இன்னும் நிரம்பவில்லை என்று சொன்னேன். வைத்துவிட்டார்.

"இது அந்த நாள்தானே?" என்றார் ஃபெரித்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரும்புப் படியில் உட்கார்ந்து, சாக்பீஸைத் தொடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நாப்பத்துமூணு வருஷம்," என்றார். "ஒருநாள் கேட் வழியா வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அந்தாளு. தண்டவாளத்தச் சுத்திக்கிட்டுப் போவாரு. நான் முஸ்லிம்னு ஒதுங்குறாரோன்னு நெனச்சேன். அப்புறம் போஸ்னியாவுல போர் வந்துச்சு, அதுதான் காரணம்னு முடிவே பண்ணிட்டேன்."

"என்ன கேட்டிருக்கலாம்?"

"காத்து இருந்துச்சான்னு. நீ சங்க எண்ணுனியா?"

"எந்தச் சங்கு?"

"அன்னைக்குக் காலைலதான் என் செல்மா பொறந்தா. படகுல யாருக்குக் கொழந்த பொறந்தாலும் கரைய விட்டு நகரும்போது மூணு நீளச் சங்கு. பார்பா ஷிமே கயித்த விடவே இல்ல. ஆஸ்பத்திரி வரைக்கும் கேக்கட்டும்டா ஃபெரித்துன்னாரு. அந்தச் சங்கு எங்கேருந்து ஊதுது? உங்கப்பா சொத்துலேருந்தா ஊதுது? இந்த பாட்டில்தான்."

நான் குழாயைப் பார்த்தேன். பாட்டிலின் கழுத்திலிருந்து விரல் தடிமனில் ஒரு செப்புக் குழாய் பிரிந்து, கூரையைத் துளைத்து மேலே போகிறது. அதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். வரைபடத்திலும் இருக்கிறது. கீழே இருப்பவர்களுக்கு இழுப்புதான் காற்று. சங்கு மேலே இருப்பவர்கள் சமாசாரம். அதற்கு யாரும் கோடு போட்டதில்லை. கம்ப்ரசர் ஓடும் நாளில் இரண்டு குட்டைச் சங்கு பாட்டிலுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த நாளில் கம்ப்ரசர் ஓடவில்லை. அப்பா காதால் சங்கைக் கேட்டிருப்பார், கையால் எண்ணியிருக்க மாட்டார். நானும் என் காகிதத்தில் அதை எழுதவில்லை.

பாட்டிலை மறுபடி நிரப்பினோம். எழுபத்திரண்டு நிமிடம். நாங்கள் இருவரும் உட்காரவில்லை. ஃபெரித் சுவரை ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்தார்.

முப்பது ஆனதும் அவர் சக்கர அறைக்கு ஏறிப்போய்ச் சங்குக் கயிற்றை வலது கையால் இழுத்தார். நான் கீழே முள்ளைப் பார்த்தபடி வினாடி எண்ணினேன். பன்னிரண்டு. விட்டார். மறுபடி பன்னிரண்டு. மூன்றாவது பதின்மூன்று. கரையில் நாய்கள் குரைத்தன. நாலரை கிலோவுக்கும் கொஞ்சம் அதிகமாகக் குறைந்திருந்தது.

பிறகு ஒன்பது இழுப்பு. ஒன்பது கோடு. பத்தாவதுக்குப் பிடியை இழுத்தேன். காற்று சீறியது. சுழல்சக்கரம் கால்வட்டம் போய், தயங்கி, பின்னால் சாய்ந்து நின்றுவிட்டது. மறுபடி இழுத்தேன். சீறல் மட்டும்.

சந்தோஷம் வரவில்லை. ஒவ்வொன்றையும் ஒன்பது வினாடி ஊதியிருந்தால் திரும்பியிருக்கும் என்று உடனே தலையில் ஓடியது.

"ஃபெரித் மாமா, அன்னைக்கும் இவ்வளவு நேரமா ஊதினாரு?"

"கொழந்த என்னோடது," என்றார். "எனக்குத் தெரியாதா?"

அனுமதி ஒருநாளைக்குத்தான். விதிப்படி பாட்டிலைக் காலி செய்து, வால்வைக் கம்பியால் கட்டி, ஈயச் சீல் அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஏறினேன். மாலை ஐந்து மணி. அப்பா கட்டில் விளிம்பில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து துறைமுகம் தெரியும்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னார்.

"மூணு சங்கு கேட்டுச்சு. ஃபெரித்தோட பொண்ணு."

"ஆமாப்பா."

"அதக் கேட்டதும் உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன், இனிமே திரும்பாதுன்னு. திரும்பல, இல்ல?"

"திரும்பலப்பா."

தலையை ஆட்டினார். மூச்சு உள்ளே போகும்போது நெஞ்சில் விசில் அடித்தது. போர்வையின் மேல் வலது கை மூடித் திறந்தது. நான் காத்திருந்தேன். அவர் சாய்ந்து படுப்பார் என்று நினைத்தேன்.

"சரி," என்றார். "காத்து இல்ல." மறுபடி ஜன்னலைப் பார்த்து, "ஆனா நான் இழுக்கல."

இழுத்திருந்தாலும் அந்த விரல்கள் போயிருக்கும், ஒரு வித்தியாசமும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். எண்களோடு சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"அது பாட்டிலோட கணக்கு," என்றார். "ஃபெரித்த வரச் சொல்லு."

மறுநாள் ஃபெரித் வந்தார். நான் வெளியே நின்றேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று அம்மாதான் சொன்னாள். அப்பா அந்த நான்கு வினாடியைச் சொன்னாராம். தெரியும், நெவா சொன்னாள் என்றாராம் ஃபெரித். பிறகு செல்மா கிராட்ஸ் நகரில் இருக்கிறாள், இரண்டு பையன்கள் என்றாராம். பாட்டிலுக்குப் புது முள் போட்டாச்சா என்று அப்பா கேட்டாராம். இருவரும் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்களாம். போகும்போது ஃபெரித் இடது கையை நீட்ட, அப்பா அந்த இரண்டு விரலையும் பிடித்துக்கொண்டு நர்ஸ் வரும்வரை விடவில்லை.

19ஆம் தேதி விடியும்போது அப்பா இறந்தார். உட்கார்ந்தபடியே.

படகுக்காரன் சவப்பெட்டி குழிக்குள் இறங்கும்போது அவன் வேலை பார்த்த படகு ஒரு நீளச் சங்கு ஊதும். பார்பா ஷிமேவுக்கும் போனாத்சா ஊதியது. எங்கள் கோஸ்த்ரேனா கல்லறை கடலுக்கு மேலே மேட்டில் இருக்கிறது. 22ஆம் தேதி காலை பத்தரை. புரா நின்றபாடில்லை, பூவளையங்களைக் கல் வைத்து அழுத்தியிருந்தார்கள். பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். பாதிரியார் நிறுத்தினார். எல்லோரும் துறைமுகத்தின் பக்கம் திரும்பினார்கள்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பாட்டில் காலி. வால்வில் என் சீல்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காற்றில் கேட்காமல் போயிருக்கும் என்று அத்தை மெதுவாகச் சொன்னாள். பாதிரியார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் அம்மாவோடு வீட்டுக்குப் போனார்கள். நான் கறுப்பு உடையோடு துறைக்கு இறங்கினேன். ஃபெரித் சக்கர அறையில் நின்றுகொண்டிருந்தார். தொப்பி கையில். கீழே போய்ப் பார்த்தேன். கம்பியும் ஈயமும் அடித்தபடியே இருந்தன. மேலே வந்தேன்.

"சீல உடைச்சிருக்கலாமே மாமா."

"உன் கையெழுத்து இருக்கு. எப்படி உடைப்பேன்? உடைச்சாலும் நெரம்ப எழுபது நிமிஷம்."

"நான்தான் மறந்துட்டேன்."

"தெரியும்."

ஜன்னல் கண்ணாடி காற்றில் அதிர்ந்தது. அவர் தலைக்கு மேலே சங்குக் கயிறு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"சரியா பத்தரைக்கு," என்றார் ஃபெரித். "காத்து இல்லன்னு தெரியும். இருந்தாலும் இழுத்தேன்."